வீட்டு ஆளுங்க

அந்த மாடி வீட்டுக் குழந்தை சரியாகப் பேசத் தொடங்கும் முன்னாலேயே படிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது குழந்தையைப் பெற்றவள். அவள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை பார்க்கிறவள். காலர் கோணலா, பட்டன் நேரா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றபடி பார்த்துப் பார்த்து, எந்தக் குறையையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும், பெட்டி கட்டிய பிறகு கண்டுபிடித்து ஒரு பிரயோசனமும் இல்லை என்ற ஞானம் அவளுக்கு வந்திருந்தது. அந்த ஞானத்தைச் சட்டையோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்பெனியில் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். அதைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள்.

"இதப் பாருங்க அண்ணி. இந்தப் புள்ளைக்கு இன்னும் பல்லுகூட முழுசா முளைக்கலை. யானைன்னு எழுதிக் காட்டினா, யானைன்னு படிக்குது."

"யானைய அது பாத்திருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"யானைய எதுக்குப் பாக்கணும்? படிச்சாப் போதாதா?"

அண்ணி என்று அவள் கூப்பிட்டது புருஷனின் அக்காவை. குழந்தைக்கு அத்தை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்க்கை சரிவராமல் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். வந்தவள் சும்மா உட்காரவில்லை. தம்பி பெண்டாட்டி வேலை செய்யும் அதே கம்பெனியிலிருந்து சட்டை மூட்டைகள் மாடிக்கு வரும். தையல் முடிந்த சட்டைகளில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, உதறி, மடித்து மூட்டை கட்ட வேண்டும். காலையில் தம்பி பிரெட் வேனை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் போய்விடுவான். பெண்டாட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அதற்குப் பிறகு தகரக் கூரை வெயிலில் சடசடக்கத் தொடங்கும். அத்தையும் குழந்தையும் சட்டைக் குவியலும் மட்டும் மிச்சம். குழந்தைக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, சான்றிதழில். வீட்டில் அது புஜ்ஜி.

புஜ்ஜி பிசிறுகளைப் பொறுக்கி அத்தையின் தலையில் வைக்கும். விழுந்தால் அத்தையிடம் வந்து அழும். தூங்குவது அத்தையின் மடியில், பாதி பிசிறு வெட்டிய சட்டைக்குப் பக்கத்தில். அத்தைக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொந்தமாக ஒரு தட்டு, ஒரு பை, இந்தக் குழந்தையின் பகல் பொழுது. இவ்வளவுதான் அவள் சொத்து.

குழந்தையைப் படிக்க வைப்பது பற்றி வீட்டில் பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கீழ் வீட்டு நர்சம்மாதான் படிக்கட்டில் நின்று சொல்லிப் பார்த்தார்.

"மூளைன்னா என்ன குடமா, குழாய்க்கு அடியில வச்சுப் புடிச்சு ரொப்ப? அது ஓடட்டும், விழட்டும், மண்ணத் தின்னட்டும். வாய் ஓயாம பேசட்டும். பேச்சு வந்தாச்சுன்னா படிப்பு தன்னால வந்துடும். பள்ளிக்கூடம் எதுக்கு இருக்கு?"

"உங்க புள்ளைங்க ரெண்டு பேரும் நல்ல வேலைல உக்காந்திருக்காங்க. நீங்க சொல்லுவீங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. "நான் பள்ளிக்கூடம் போன மொத நாளு, எழுத்து தெரிஞ்சவங்க கை தூக்குங்கன்னு டீச்சர் சொன்னாங்க. பாதிப் பேர் தூக்கினாங்க. வீட்லயே கத்துக்கிட்டு வந்துட்டாங்க. தூக்காதவங்கள பின்னால உக்கார வச்சாங்க. அன்னிக்கு பின்னால போனவதான் நான். முன்னால வரவே இல்லை. இன்னிக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், காலு வீங்க வீங்க."

நர்சம்மா படியிறங்கிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த அத்தை கத்தரியை நிறுத்திவிட்டு அவள் வீங்கிய காலைப் பார்த்தாள்.

சட்டை மடிக்கும்போது உள்ளே வைக்கும் வெள்ளை அட்டைகளில் வீணானதைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்தாள் தம்பி பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து தடிப் பேனாவால் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினாள். பால், பந்து, பூனை, கதவு, செருப்பு. எழுதும்போதே சத்தமாகச் சொன்னாள்.

"பகல்ல உங்ககூடத்தானே இருக்கா அண்ணி. அப்பப்ப எடுத்துக் காட்டி இது என்னன்னு சொல்லிக்கிட்டே இருங்க. அதுவா மனசுல பதிஞ்சிடும். உங்களுக்குச் சிரமம்னா சொல்லிடுங்க. குழந்தைங்களப் பாத்துக்கற இடத்துல விட்டுடலாம், அங்க இதெல்லாம் சொல்லித் தர்றாங்களாம். நீங்களும் கம்பெனிக்கே வந்துடலாம், அங்கேயே தங்கற எடம் இருக்கு."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். "எனக்கென்ன சிரமம்? நானே சொல்லித் தர்றேன்" என்று அவசரமாகச் சொன்னாள் அத்தை.

ஆனால் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதையே ஒரு வேலையாக இத்தனை வருஷம் செய்துவந்தவள் அவள். பாங்கில் எதையாவது நீட்டினால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது. மத்தியான வேளையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்து, "என்ன உலகமோ போ" என்று உச்சுக்கொட்டுவாள். எந்தப் பேப்பருக்கும் அது பொருந்தும். கையெழுத்து போடுவாள். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கோலம் மாதிரி வரைந்து பழகியது அது. தம்பி சின்னப் பையனாக இருந்தபோது ஸ்கேலும் கையுமாக அவன் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டவள் அவள்தான். அக்கா சொல்லிக்கொடுத்துத்தான் படித்தேன் என்று இன்றைக்கும் பிரெட் வேனில் ஏறுகிற லோடு ஆட்களிடமெல்லாம் சொல்லுவான்.

தம்பி பெண்டாட்டி பேனாவை மூடிவிட்டுக் கை கழுவப் போன சமயத்தில் அத்தை வேலையை முடித்துவிட்டாள். கையில் பிசிறு வெட்டும் கத்தரி இருந்தது, அவள் சொன்ன வரிசை மனசில் இருந்தது. பால் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு. பந்துக்கு இரண்டு. பூனைக்கு முனையில் காது மாதிரி ஒரு சீவல். கதவுக்கு மேலே, செருப்புக்குக் கீழே. எழுத்து பக்கமே அவள் கண் போகவில்லை. எழுத்தைக் கண்டால் கண்ணை விலக்கிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு எப்போதோ ஊறிப்போயிருந்தது.

புஜ்ஜி படித்தது. எப்படிப் படிக்காமல் இருக்கும்? அத்தை ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "பூனை" என்றாள். புஜ்ஜியும் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "பூன" என்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காட்டியபோது ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தடவித் தடவிப் படிக்கிறா பாருங்க! எழுத்தையே ரசிக்கிறா என் தங்கம்!" என்று தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். அவள் அப்படிச் சிரித்து அத்தை பார்த்ததே இல்லை. வீடியோ எடுத்துக் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினாள். நர்சம்மாவைக்கூட மேலே கூப்பிட்டுக் காட்டினாள். நர்சம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு, "பரவால்லையே" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

தம்பி பிரெட் வாசனையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "எல்லாம் எங்க அக்கா கைராசி" என்றான்.

அத்தை தலை நிமிராமல் பிசிறு வெட்டினாள். பொய்தான். ஆனால் யார் குடி கெட்டுப்போயிற்று? பெற்றவளுக்குச் சந்தோஷம், குழந்தைக்கு விளையாட்டு, அவளுக்குக் குழந்தை. பள்ளிக்கூடம் போனால் நிஜமாகவே சொல்லித்தரப் போகிறார்கள். அதுவரைக்கும் ஓட்டிவிட்டால் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. அதோடு கம்பெனியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரமும் சேர்ந்துகொண்டது. தம்பி பெண்டாட்டிக்கு ஓவர்டைம். குழந்தை எழும்புவதற்கு முன்னால் போய், தூங்கிய பிறகு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மாடியில் மூட்டை மேல் மூட்டையாக ஏறியது. கூரை ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, மூட்டைகளைச் சுவரோரம் தள்ளித் தள்ளி அத்தைக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. துணிக்குச் சொட்டுத் தண்ணீர் பட்டால் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

ஒரு நாள் விடியற்காலையில் தம்பி பெண்டாட்டி செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள்.

"புது அட்டைங்க அண்ணி. கடைல குடுத்து அச்சுல போட்டு லேமினேஷன் பண்ணிட்டேன். மழைல நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. பழைய செட்டை என் பக்கத்து மேசைக்காரி அவ புள்ளைக்குக் கேட்டா, குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா?" என்றாள் அத்தை.

"அது ஓரமெல்லாம் பிஞ்சு போயிருந்துச்சே. அதுல இருந்த வார்த்தை எல்லாம் இதுலயும் இருக்கு. வீட்டு ஆளுங்களையும் சேர்த்திருக்கேன், செவப்புக் கரை போட்டது. பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு இந்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு உக்காந்து சொல்லித்தர நேரமே இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

அத்தை அட்டைகளைத் தரையில் பரப்பினாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஓரத்தைத் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. புஜ்ஜி ஒன்றை எடுத்து நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் அத்தையின் முகத்தைப் பார்த்தது.

"என்னையப் பாத்தா?" என்றாள் அத்தை. "எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

நர்சம்மாவிடம் கேட்கலாம் என்று அட்டைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பாதிப் படி இறங்கினாள். பேப்பர் படிக்கிறவள் போய், இது பாலா பந்தா என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? ஏறி வந்துவிட்டாள். தம்பி வந்ததும் ஒரு தந்திரம் செய்து பார்த்தாள்.

"டேய் தம்பி, இதையெல்லாம் கொஞ்சம் சத்தமாப் படியேன். அப்பா படிக்கறதப் புஜ்ஜி கேக்கட்டும்."

"நீ படிக்கா. விடியக் காலைலேர்ந்து மழைல ஓட்டியிருக்கேன், கண்ணு எரியுது" என்று சொல்லி அவன் மூட்டைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனான்.

பிறகு அவளும் குழந்தையும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது? அவள் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். "இது என்னடி?" என்பாள். புஜ்ஜி "பூன" என்றால் அது பூனை. அதில் நகத்தால் கீறி அடையாளம் வைக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக் கீறலை வாங்கிக்கொள்ளவில்லை. சரி, எழுத்தையே ஒரு படமாக நினைத்துக்கொள்வோம் என்று முதல்முறையாக எழுத்தை உற்றுப் பார்த்தாள். இது கொக்கி போட்டது, இது தும்பிக்கை வைத்தது என்று மனசில் குறித்துக்கொண்டாள். தப்பும் சரியுமாக ஏதோ ஒரு படிப்பு அந்த மாடியில் நடந்தது.

சிவப்புக் கரை போட்ட அட்டைகள் மூன்று இருந்தன. அதில் அவளுக்குக் குழப்பமே வரவில்லை. வீட்டு ஆளுங்க. குழந்தைக்குக் குழந்தையையே யாராவது அட்டை போட்டுக் காட்டுவார்களா? ஆகவே அப்பா, அம்மா, அத்தை. எண்ணிக்கை சரியாக இருந்தது. பகலெல்லாம் கூட இருப்பவளை விட்டுவிட்டா அட்டை போட்டிருப்பாள்? பேச்சில் கொஞ்சம் வெடுக்கென்று இருப்பாளே தவிர, தம்பி பெண்டாட்டி மனசில் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று அத்தை அந்த மூன்றையும் முந்தானையால் துடைத்து வைத்தாள். கடைக்காரனிடம் நின்று, அத்தைன்னும் ஒண்ணு போடுங்க என்று சொல்லியிருப்பாள். அதை நினைத்து நினைத்து அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடக்கூட இல்லை.

"இதுல அத்தை எதுடி?" என்று கேட்டாள்.

புஜ்ஜி மூன்றில் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தது.

"இதுவா அத்தை?"

"அத்த" என்றது புஜ்ஜி.

அந்த ஒரு அட்டையை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். பொய் சொல்வானேன், அதில் அவளுக்கு ஆசை இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எல்லோருமாகப் போனார்கள். அத்தை வராவிட்டால் புஜ்ஜி செருப்பு போட மாட்டேன் என்று அடம் பிடித்ததால் அவளையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. தம்பி வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தான். குட்டி நாற்காலிகள் போட்ட அறை. ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்திருந்தது. டீச்சர் வயசானவர், குரல் மெதுவாக இருந்தது. புஜ்ஜி நேராக மணலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பார்த்துச் சிரித்தார்.

"சாப்பாடெல்லாம் தானே எடுத்துச் சாப்பிடுவாங்களா? பாத்ரூம் வந்தா சொல்லுவாங்களா?"

"படிப்பா மிஸ்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"நான் அதைக் கேக்கலைம்மா."

"நெஜமாப் படிப்பா மிஸ். அட்டை கொண்டாந்திருக்கேன்."

"வேண்டாம்மா. இந்த வயசுல நாங்க அதெல்லாம் எதிர்பாக்கறதே இல்ல. விளையாடட்டும் விடுங்க."

"ஒரே ஒரு நிமிஷம் மிஸ். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்திருக்கோம். ஒரு தடவ பாருங்க."

அந்தக் கெஞ்சலைக் கேட்டு டீச்சருக்கே சங்கடமாகிவிட்டது. சரி என்று தலையாட்டினார். தம்பி பெண்டாட்டி கைப்பையைத் திறந்து, உறைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் சிவப்புக் கரை போட்டதைத்தான் எடுத்தாள். அவளுக்கும் ஆசை இருக்காதா? குழந்தை முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"புஜ்ஜி, இது என்ன? டீச்சருக்குச் சொல்லு."

புஜ்ஜி மணல் கையோடு நிமிர்ந்து பார்த்தது. இவ்வளவு தெளிவாக அது எதையும் சொன்னதில்லை.

"அத்தை."

"சரியாப் பாரு கண்ணு. இது என்ன?"

"அத்தை" என்று இன்னும் சத்தமாகச் சொல்லிவிட்டு, பின்னால் நின்ற அத்தையைக் கையை நீட்டிக் காட்டியது புஜ்ஜி.

டீச்சர் சிரித்தபடி, "பரவாயில்லம்மா, குழந்தைதானே" என்றார். தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. அட்டையை மெதுவாகக் கைப்பையில் வைத்து மூடினாள். மற்ற அட்டைகளை எடுக்கவே இல்லை. அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை சரியாகத்தானே சொன்னது, இவள் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று நினைத்தாள். வேனில் திரும்பி வந்தார்கள். பின்னால் காலி பிரெட் தட்டுகள் மட்டும் வழியெல்லாம் கடகடத்துக்கொண்டு வந்தன.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அம்மான்னு எழுதியிருக்கு அண்ணி இதுல. அம்மா! பெத்தவ நான். அந்த ஒரு வார்த்தையக்கூடவா எனக்கு விட்டு வைக்கக் கூடாது?"

அத்தை அட்டையைப் பார்த்தாள். "இது அத்தை இல்லையா?"

"நடிக்காதீங்க. நான் காலைல போனா ராத்திரி வர்றேன். விழுந்தா உங்ககிட்ட ஓடுறா, தூக்கம் வந்தா உங்ககிட்ட ஓடுறா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? நம்ம வயித்துப்பாடு, என்ன பண்றதுன்னு முழுங்கிக்கிட்டேன். ஆனா அட்டைல அம்மான்னு போட்டிருக்கறத அத்தைன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"என்ன தெரியாது?"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்துப் பூட்டியிருந்ததை அவள் சொல்லிவிட்டாள். சொன்னதும் தரை பிளந்துவிடும் என்று நினைத்திருந்தாள். தம்பி பெண்டாட்டி சிரித்தாள். அழுகையோடு வந்த சிரிப்பு அது.

"கேட்டீங்களா, உங்க அக்காவுக்குப் படிக்கத் தெரியாதாம். தினமும் பேப்பர் யாரு படிக்கறா, பூனையா? பாங்குல கையெழுத்து போடறது யாரு?"

"அது வரையறதும்மா. பேரை மட்டும் வரைய வரும். பேப்பர்ல படம் பாப்பேன்."

"பழைய அட்டைய எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க? ஒண்ணுகூடத் தப்பலையே!"

"ஓரத்துல கத்தரியால வெட்டி வச்சிருந்தேன்."

"வெட்டி வச்சீங்களா? எங்க, காட்டுங்க பாப்போம்." பழைய அட்டை கையில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "வாய்க்கு வந்ததெல்லாம் சொல்றாங்க, நீங்க சும்மா நிக்கறீங்களே!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அக்காவை நம்ப வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் இதை எப்படி நம்புவான்?

"என்னக்கா பேசற நீ? எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரு? தப்பாப் படிச்சா ஸ்கேலால போடுவியே."

"நீ தெணறினாப் போடுவேன்டா. தப்பா சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெணறாம தப்பாப் படிச்சா?"

"விட்டிருப்பேன்."

அவன் சுவரை விட்டு நகர்ந்து அவள் எதிரில் வந்து நின்றான். "நீ பள்ளிக்கூடம் போனவதானே? அம்மா சொல்லியிருக்காளே."

"அம்மா வேலைக்குப் போயிடுவா. உன்னையத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன். கைக்குழந்தையோட உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப என்னாலதான் நீ படிக்கலைங்கற."

"நான் அப்படிச் சொல்லலைடா. நீ இடுப்புல இருந்த. அவ்வளவுதான்."

"இத்தனை நாள் சொல்லாதத இன்னிக்கு, மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் சொல்ற. பழிய என் தலைல கட்டற" என்றான் தம்பி. அவன் குரல் மாறிவிட்டது. உண்மை என்பது நேரத்துக்கு வர வேண்டும். நேரம் தப்பி வந்தால் அதற்கும் பொய்யின் மூஞ்சிதான்.

அத்தைக்கு வேறொன்று மனசில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"செவப்புக் கரை மூணு இருந்துச்சேம்மா. வீட்டு ஆளுங்கன்னு சொன்ன. அப்பா, அம்மா, அப்புறம் யாரு?"

"புஜ்ஜி."

"ஓ" என்றாள் அத்தை. "அதுல நான் இல்லையா?"

தம்பி பெண்டாட்டி கெட்டவள் இல்லை. இந்தக் கேள்விக்கு அவளே ஒரு கணம் தடுமாறினாள். கடையில் நின்றபோது அப்படி ஒரு அட்டை போடலாம் என்று தோன்றவே இல்லை, அதுதான் நிஜம். அதைச் சொல்ல முடியாமல், "உங்களுக்கு எதுக்கு அட்டை?" என்றாள்.

மழை வலுத்துக் கூரையில் கொட்டியது. மூட்டைகள் பக்கத்தில் வைத்த பாத்திரம் நிரம்பி வழிந்தது. யாரும் எழுந்து அதை எடுக்கவில்லை.

தம்பிதான் கடைசியில் அட்டைகளை வாங்கினான். சிவப்புக் கரை போட்டதை ஒதுக்கிவிட்டு, மீதியைத் தரையில் வரிசையாகப் பரப்பினான்.

"வாக்கா. உக்காரு. இதுல பால் எது, காட்டு. உனக்குத் தெரியலைன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சவங்க வேணும்னே தப்பாக் காட்ட மாட்டாங்களா?" என்றாள் பெண்டாட்டி.

"என் அக்கா மூஞ்சி எனக்குத் தெரியும். நீ சும்மாயிரு."

தப்பாகக் காட்டினால் நடிப்பு, சரியாகக் காட்டினால் குற்றம். அந்தப் பரீட்சை அப்படித்தான் இருந்தது. அத்தைக்கு அது எட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவளைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்கள். அதில் தோற்றுக் காட்டினால் போதும், குழந்தை தன்னிடம் இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தோற்பது எளிது என்றும் நினைத்தாள். ஆனால் எது தப்பு என்பதற்கும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே. கொக்கி போட்டது, தும்பிக்கை வைத்தது எல்லாம் கண் முன்னால் ஒன்றாகக் கலந்து நெளிந்தன. எப்படியும் தப்பாகத்தான் இருக்கும் என்ற தைரியத்தில், கைக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையின்மேல் விரலை வைத்தாள்.

அது பால் அட்டை.

அத்தை நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். எழுத்துக்குப் பதிலாக இத்தனை காலமும் அவள் மனுஷர்களின் முகத்தைத்தான் படித்துவந்தாள். பாங்குக்காரன் முகம், பஸ் கண்டக்டர் முகம், ஸ்கேலுக்கு எதிரே உட்கார்ந்த இந்தச் சின்னப் பையனின் முகம். அதில் அவள் தப்பியதே இல்லை. தம்பியின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. உதடு துடித்தது. தன் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, தன்னைச் சுமந்ததால்தான் தெரியாது என்று புரிந்துகொண்டு அழுகிறான் என்று அவள் படித்தாள். அவள் மனசு அப்படியே இளகிவிட்டது.

"அழாதடா, விடு" என்றாள். "நான்தான் சொன்னேனே. இப்ப நம்பறியா?"

தம்பி எழுந்து உள் அறைக்குப் போனான்.

தம்பி பெண்டாட்டி அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம்கூட வற்றிப்போன முகமாக இருந்தது. குனிந்து புஜ்ஜியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். புஜ்ஜி திமிறி அத்தை பக்கம் கையை நீட்டியது. அவள் விடவில்லை.

"கோவிச்சுக்காதம்மா" என்றாள் அத்தை. அவள் முகம் வெளிச்சமாகியிருந்தது. "மறைச்சது என் தப்புதான். இனிமே நீயே ஞாயித்துக்கிழமைல எனக்கும் சேத்துச் சொல்லிக் குடு. நான் கத்துக்கிட்டு அவளுக்குச் சொல்லித் தர்றேன்."

உள் அறையில் பரண்மேலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. ஒழுகல் பாத்திரம் வழிவதை அப்போதுதான் பார்த்து, அத்தை எழுந்துபோய் அதைக் கொட்டிவிட்டு வந்தாள். தம்பி அவளுடைய பையைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தபோது, அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்திருந்தாள்.